எத்தனை பொட்டலம்?

என் மனைவி நித்திலாவின் சாவுக்கு நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் மூச்சு விடுகிறவர்கள் ஆறு பேர், என்னையும் சுடுகாட்டு வண்டிக்காரர்களையும் சேர்த்து.

மற்றவை பதிலிகள். ஆள் உயரத்தில் மெலிந்த சாம்பல் நிற உடம்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. திரைகளில் உறவினர்களின் முகங்கள் அழுதன. நித்திலாவின் தம்பி லோகுவின் பதிலி பாடையின் தலைமாட்டில் நின்று வாய்விட்டு அழுதது. அவன் அழுதது உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணீர் மட்டும் அவன் வீட்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் வீடு எங்களுக்கு அடுத்த பிளாக்.

தூக்கும் நேரத்தில்தான் சிக்கல் தெரிந்தது. பதிலியால் ஒரு காய்கறிப் பையின் கனத்துக்கு மேல் தூக்க முடியாது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க வேண்டிய நான் பாடையைப் பிடித்தேன். சட்டியை வண்டியில் வைத்துவிட்டோம். இன்னொரு முனையை முழங்கால் தேய்ந்த என் மாமனார் பிடித்தார். பின்னால் வண்டிக்காரர்கள் இரண்டு பேர். பதிலிகள் இரண்டு வரிசையாக விலகி வழிவிட்டன. ஒழுங்காக, மரியாதையாக.

அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போதும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கோபம் மட்டும் தாமதமாக வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை.

என் பெயர் தணிகைவேல். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். பனையேரிக் குடியிருப்பில் பதிலிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. சாய்வு நாற்காலியில் படுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும். ரேஷன் கடை, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வளைகாப்பு, வங்கி என்று எங்கே போக வேண்டுமானாலும் அது போகும். கல்யாணத்தில் மொய் எழுதும். பேருந்தில் நின்றுகொண்டே வரும். வெயில், வியர்வை, காத்திருப்பு எல்லாம் அதற்கு. பார்ப்பதும் பேசுவதும் நமக்கு. முதலில் வயதானவர்களும் நோயாளிகளும்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு அது பெரிய உதவி. பிறகு மற்றவர்களும் வாங்கினார்கள். பிறகு வாங்காதவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

நித்திலா வாங்க விடவில்லை. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காய்கறி வாங்கத் தானே போவாள், நடுவில் நின்று இளைப்பாறுவாள், திரும்பி வந்து யாரோடு சண்டை போட்டாள் என்று சொல்லுவாள். கடைசி நாட்களில் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை என்றாள். எல்லாப் பதிலிகளும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகின்றனவாம்.

எங்கள் பால்கனியில் நின்றால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியின் பச்சைப் பலகை தெரியும். எழுத்தையே படிக்கலாம். இடையில் இருப்பது ரயில்வே கேட். சரக்குப் பாதையை நடத்தும் கம்பெனி அதைத் தற்காலிகமாக மூடியது. ஓட்டுநர் இல்லாத ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால் திறக்க நேரமில்லை என்றார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் பைபாஸ் ஏறி, சுங்கச்சாவடி தாண்டி, மேம்பாலத்தில் திரும்பி, அரிசி ஆலை வழியாக வர வேண்டும்.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. போகத்தான் நேரமாயிற்று. அரிசி ஆலைத் திருப்பத்தில் என் கையைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது.

அவ்வளவுதான். அதைப் பற்றி வேறு சொல்ல எனக்குத் தெரியாது.

கேட்டைத் திறக்கச் சொல்லி எங்கள் குடியிருப்பு போராடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாதம் ஒரு மறியல் நடந்தது. பதிலியின் செயலியில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. கோஷத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கோபத்தின் அளவையும் வைக்கலாம்: மிதம், நடுத்தரம், உச்சம். யாரும் தொடாவிட்டால் மிதத்தில் இருக்கும். பதிலிகள் போய்க் கேட்டுக்கு முன்னால் உட்காரும். போலீஸ் வரும். ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி வரும்: ‘உங்கள் எதிர்ப்பு தெரிவிக்கப்பட்டது. நன்றி.’ அதைப் படித்துவிட்டு எல்லோரும் மதியம் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

மறியலில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விடுவது பழைய வழக்கம். பதிலிகள் வந்த பிறகும் போலீஸ் அதை மாற்றவில்லை. வண்டியில் ஏற்றும்போதே அவற்றை அணைத்து, மண்டபத்தில் நாற்காலிகளை ஒதுக்குவதுபோலச் சுவரோரம் நிறுத்துவார்கள். மாலையில் நான் வேனில் போய் அள்ளிக்கொண்டு வருவேன். மண்டபம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் கல்யாணமும் அதில்தான் நடந்தது. ஊரில் அது ஒன்றுதான். ஆகவே மாதம் ஒரு முறை அரிசி ஆலைத் திருப்பத்தைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்ப்பேன்.

போன மாதம் பதிலிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, எஸ்.ஐ. ஏகாம்பரம் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். இன்னும் ஓரிரு வருடத்தில் ஓய்வு. வருகிற புதன்கிழமை கேட் இருக்கும் இடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பப்போகிறார்கள் என்று சொன்னார். சுவர் எழும்பிவிட்டால் பிறகு கேட் என்ற பேச்சே கிடையாது. யாரும் எதிர்க்காததால் கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம்.

நான் கையிலிருந்த பதிலியைக் கீழே வைத்தேன். மாதாமாதம் இத்தனை பேர் வந்து உட்கார்ந்தது என்ன கணக்கு என்று கேட்டேன்.

“யார்பா வந்தது?” என்றார். “இன்னா தணிகை, உங்க ஆளுங்களுக்கு இது புரியவே புரியாதா? அரெஸ்ட் பண்ணா மதியச் சாப்பாடு போடணும். பில்ல மேல அனுப்புவோம். எத்தினி பொட்டலமோ, அத்தினி பேரு மறியல் பண்ணாங்கன்னு மேல எழுதிக்குவாங்க. எங்க அப்பன் போலீஸ்ல இருந்த காலத்துலேர்ந்து அதான் கணக்கு.”

“பதிலிக்கு?”

“பதிலி துண்ணுமா?”

அவர் டீயை ஆற்றினார்.

“நான் கேட்டுப் பாத்தேன்பா. இவ்ளோ பதிலி வருதே, அத எங்க எழுதறதுன்னு. ‘பொருட்கள் அப்புறப்படுத்தப்பட்டன’ன்னு எழுதச் சொன்னாங்க. ஒடஞ்ச சைக்கிளு, கிழிஞ்ச பேனரு எழுதற எடத்துல.”

கேட்டுக்காக இதுவரை ஒரு பொட்டலம்கூட வாங்கவில்லை என்றார். அப்படியென்றால் பனையேரியில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை.

“ஆளு வந்தா?” என்றேன்.

“வந்தா சாப்பாடு வாங்குவேன்.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “எங்க வரப்போறாங்க.”

அன்று மாலையே லோகுவின் வீட்டுக்குப் போனேன். கதவு தானே திறந்தது. அவன் சாய்வு நாற்காலியில் கிடந்தான். நாற்காலி மெல்ல அவன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. நல்ல பையன். என் சாப்பாட்டைப் பற்றி அவனைப் போல் கவலைப்படுகிறவர் யாரும் இல்லை. நித்திலா போனதிலிருந்து தினமும் எனக்கு ஏதாவது வரவழைத்துக் கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்றுதான் கேட்டான்.

பொட்டலக் கணக்கைச் சொன்னேன். அதிர்ந்துபோனான். அநியாயம் என்றான். இதை வெளியே கொண்டுவர வேண்டும், உடனே மனு போட வேண்டும் என்றான். மனுவைச் செயலியே எழுதிவிடும் என்றான்.

“மனு வேண்டாம். புதன்கிழமை வா.”

“அக்காவுக்காக வரமாட்டேனா மாமா? ரெண்டு பதிலி அனுப்பறேன். என்னோடது ஒண்ணு, வாடகைக்கு ஒண்ணு. கோபத்தை உச்சத்துல வெச்சிடறேன்.”

“நீ வா.”

“நானா?” தன் கால்களைப் பார்த்தான், யாருடையவோ என்பதுபோல. “நேர்லயா?”

“ரோட்டுல உட்காரணும்.”

“வெயிலு மாமா.” கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

குடியிருப்புக் குழுவிலும் எல்லாவற்றையும் எழுதினேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. கண்டிக்கத்தக்கது என்றார் ஒருவர். தன் ஆதரவு எப்போதும் உண்டு என்றார் இன்னொருவர். எதிர் வீட்டு ரெஜினா அக்கா தனியாகவே குரல் செய்தி அனுப்பினார், இந்த முறை கட்டாயம் பதிலி அனுப்புவதாக. நேரில் வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மனதில் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், அதுதான் பிரச்சினை.

கேட்டுக்காக வரமாட்டார்கள். அது தெளிவாகிவிட்டது. வேறு எதற்காக வருவார்கள் என்று யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

பதிலி தீப்பிடிக்கும் அபாயம் இருந்தால், பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் நிறுத்தப் பழுதுபார்ப்பவனுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு நிறுத்தம் என்று பெயர். மறுபடி ஓட்ட வேண்டுமானால் உரிமையாளர் நேரில் வந்து என் கருவியில் விரல் வைக்க வேண்டும். வேறு யாரும் வைக்க முடியாது. அனுப்பவும் ஆள் இருக்காது. அனுப்புகிற ஆள்தான் நின்றுபோயிருக்குமே.

புதன்கிழமை காலை காபி குடித்தேன். எல்லாப் பதிலிகளையும் நிறுத்தினேன். கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன்.

கலவை லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அதன் வயிறு சுழன்றுகொண்டிருந்தது. நான் அதற்கு முன்னால் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏகாம்பரம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். கூட ஒரு பெண் காவலர்.

“உன் பதிலியா இது? என்கிட்ட இல்லேன்னு சொன்னியே” என்றார் தூரத்திலிருந்தே.

“நான்தான் சார்.”

கிட்ட வந்தார். ஒரு விரலை நீட்டி என் தோளைத் தொட்டார். சூடு தெரிந்திருக்க வேண்டும். விரலை எடுத்துக்கொண்டார்.

“ஒருத்தன்தானா?”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ரெஜினா அக்கா. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லித் தருபவர். அவருடைய பதிலி வங்கி வரிசையில் முறை வரும் நேரத்தில் நின்றுவிட்டதாம். அடுத்தவருடையது திருத்தணியில் யாருடைய வளைகாப்பிலோ, வளையலைக் கையில் பிடித்தபடி. லோகுவுடையது லிஃப்டின் வாசலில் நின்றுவிட்டதால் லிஃப்டும் மூடவில்லை. எல்லோரிடமும் ஒன்றே சொன்னேன்: நேரில் வந்து விரல் வைக்க வேண்டும், நான் கேட்டில் இருக்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்தும் அழைப்பு வந்தது. அதை எடுக்கவில்லை.

முதல் ஆள் வர வெகுநேரம் ஆயிற்று. குடை பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் போடும் துணிச் செருப்போடு வந்தார். பிறகு இரண்டிரண்டு பேராக. பிறகு கூட்டமாக. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் விழித்தார்கள். பதிலிகள் எல்லாம் ஒரே உயரம். குடியிருப்புச் சங்கத் தலைவர் இவ்வளவு குட்டை என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குரலைக் கேட்ட பிறகே வணக்கம் சொன்னார்கள். ரெஜினா அக்கா நான்கு வருடமாக எனக்கு எதிர் வீடு. அவர் ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கோபம் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. உச்சம்.

கருவியை நீட்டச் சொன்னார்கள். நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன். லாரி திரும்பிப் போனதும் எல்லோருடையதையும் ஓட்டிவிடுகிறேன், அதுவரை முடியாது என்றேன்.

“மிரட்டுறியா தணிகை?” என்றார் ரெஜினா அக்கா.

“ஆமாக்கா.”

அவர் பொய்யோ சமாதானமோ எதிர்பார்த்திருப்பார். பதிலிகளிடம் பழகியவர்.

“உன் வேலை போயிடும்.”

“போகட்டும்க்கா.”

“போலீஸ்ல சொல்லுவேன்.”

“அதோ இருக்காரு.”

ஏகாம்பரம் அப்போதுதான் வேர்க்கடலை வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

லோகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. இவ்வளவு தூரம் அவன் நடந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. “ஏன் மாமா இப்படிப் பண்றீங்க?” என்றான். மூச்சு வாங்கியது. “அக்கா இருந்தா இதெல்லாம் ஒத்துக்குவாளா?”

“அவ இருந்தா உன்ன செருப்பால அடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பா.”

யாரோ சிரித்தார்கள். லோகு சிரிக்கவில்லை. அவனால் நிற்க முடியவில்லை. லாரியின் நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்கும் அப்படித்தான். நிற்கப் பழக்கம் இல்லாத உடம்புகள். நிழல் போதாமல் குடைகளை விரித்தார்கள். திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரோடு நிறைந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஓடி வந்து, கலவை இறுகிவிடும் என்று ஏகாம்பரத்திடம் கத்தினார்.

ஏகாம்பரம் கையைத் தட்டிக் கடலைத் தோலை உதறினார். முறைப்படி எல்லோரையும் கலைந்து போகச் சொன்னார். பதிலி ஓடாமல் போகமாட்டோம் என்றார் சங்கத் தலைவர். தாங்கள் மறியலுக்கு வரவில்லை, இது வேறு என்று விளக்கவும் ஆரம்பித்தார்.

“ரோட்ல குந்திகினு போகமாட்டேன்னு சொன்னா, அது பேரு மறியல்தான் சார்” என்றார் ஏகாம்பரம். “எழுந்திருங்க. வண்டி வந்திருக்கு.”

இரண்டு போலீஸ் பஸ்கள். ஜன்னலில் கம்பி வலை. அதற்குள் கலவை இறுக ஆரம்பித்துவிட்டதால், லாரி பின்னோக்கி நகர்ந்து திரும்பிப் போவதைப் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தேன்.

பஸ்ஸில் மின்விசிறி இல்லை. கொஞ்ச தூரம் வரை எல்லோரும் வக்கீல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பைபாஸ் ஏறியதும் பேச்சு குறைந்தது. சுங்கச்சாவடியில் வரிசை. தகரம் கொதித்தது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரிடமும் இல்லை.

ரெஜினா அக்கா பெண் காவலரைக் கூப்பிட்டார். “ஏம்மா, மண்டபம் கேட்டுலேர்ந்தே தெரிஞ்சுதே. எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டுப் போறீங்க? எங்கள அலைக்கழிக்கிறதுக்கா?”

காவலர் அவரை விநோதமாகப் பார்த்தார். “கேட் மூடியிருக்கேம்மா” என்றார்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கேட்டைத் திறக்கச் சொல்லி மாதாமாதம் கோஷம் போட்டவர்கள். அவர்களின் பதிலிகள் இந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கின்றன, அணைத்த நிலையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு வழி இருட்டாக இருந்திருக்கும். மேம்பாலத்தில் திரும்பும்போது ஒரு கிழவர் வாந்தி எடுத்தார். அவரைப் பிடித்துக்கொள்ளச் சங்கத் தலைவர் கை நீட்டினார்.

லோகு எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

“மாமா. அக்காவை இந்த வழியாத்தான்…”

“ஆமா.”

“இவ்ளோ நேரமா?”

“ஆம்புலன்ஸ் கொஞ்சம் வேகமா போச்சு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். “எங்க மாமா?”

அரிசி ஆலையின் புகைபோக்கி தெரிய ஆரம்பித்திருந்தது. விரலை நீட்டினேன். “அங்க. அந்தத் திருப்பம்.”

பஸ் திருப்பத்தில் மெதுவாகப் போயிற்று. சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு நாய் படுத்திருந்தது. பார்க்க வேறு எதுவும் இல்லை. லோகு வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, பஸ் திரும்பி முடிந்த பிறகும் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். அன்று திரையில் அழுததைப்போல் அழவில்லை. உதடுகள் வெளுத்திருந்தன.

முன் இருக்கையில் ரெஜினா அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் பார்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் மேடைக்கு மேலே பழைய தோரணம் அப்படியே கிடந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் நின்றபடி ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணினார். பிறகு ஓட்டலுக்குப் போன் செய்தார்.

“சாம்பார் சாதம் எண்பத்தேழு… ஆமாய்யா, நெஜமாத்தான்… மனுஷங்களுக்குத்தான். கூட ஊறுகா வெய்யி.”

பொட்டலங்கள் வந்தன. இலையில் கட்டியது, சூடு போகாமல். கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒரு அப்பளத்துக்காக இரண்டு பேர் முறைத்துக்கொண்டார்கள், பிறகு உடைத்துக்கொண்டார்கள். லோகு தன் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் இலையில் தள்ளினான். நான் சாப்பிட்டேன். பசித்தது. பசித்தது எனக்கே புதிதாக இருந்தது.

பில் மேலே போன கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரத்துக்குப் போன் வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். எண் தவறாக விழுந்துவிட்டதா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். போனைக் கூடத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். குழந்தை ஒன்று அழுதது. யாரோ மோர் கேட்டார்கள். சங்கத் தலைவர் யாருடனோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதையெல்லாம் கேட்கவிட்டு, போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

முடிவு மாலையில் தெரிந்தது. சுவர் வேலை இன்று இல்லை. நாளைக் காலை வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. நேரில் கேட்டுக்கு வருகிறார். அங்கே ஆட்சேபிக்க ஆட்கள் இருந்தால் வேலை நின்று விசாரணை நடக்கும். இல்லையென்றால் லாரி வரும்.

“மணி ஆறாச்சு” என்றார் ஏகாம்பரம். “எல்லாரும் போலாம்.”

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. லாரி திரும்பிப் போய்விட்டது. கருவியை எடுத்து மணமேடையின் விளிம்பில் வைத்தேன். வரிசையாக வந்து விரல் வைத்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் எங்கோ ஒரு பதிலி நிமிர்ந்திருக்கும். வளைகாப்பில் வளையல் கை மாறியிருக்கும். லிஃப்ட் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கும். லோகு வரிசைக்கு வரவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

எல்லோரிடமும் ஒன்று மட்டும் சொன்னேன். நாளைக்குப் பதிலி அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம், நான் நிறுத்த மாட்டேன், மதியமே தலைமை அலுவலகத்தின் செய்தியில் என் வேலை போய்விட்டது. ஆர்.டி.ஓ. வரும்போது நான் ரோட்டில் இருப்பேன். ஒருவனாக இருந்தாலும் இருப்பேன்.

வெளியே வாடகைக் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கார்களும் அரிசி ஆலை வழியாகத்தான் போக வேண்டும்.

ரெஜினா அக்கா கடைசியாக விரல் வைத்தார். அவர் போன் ஒளிர்ந்தது. பதிலியின் இனிமையான குரல் எனக்கும் கேட்டது: வணக்கம், இன்று உங்களுக்கு அசௌகரியம் ஏற்பட்டிருக்கும், மன்னிக்கவும், வீட்டுக்கு வண்டி வரவழைக்கட்டுமா?

அவர் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். தாங்கும் காலை நீட்டிக்கொண்டு, லோகுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் வரை போயிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எஸ்.ஐ. சார்” என்றார். “ராத்திரிக்கு என்ன சாப்பாடு?”

ஏகாம்பரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அவரை, என்னை, வாசலை மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். போனை எடுத்தார்.

“எத்தினி பொட்டலம்பா?” என்று என்னைக் கேட்டார்.

“எண்ணிக்கோங்க சார்” என்றேன்.